ஏழாம் எண் துப்பாக்கியும் எக்ஸ்ரே அக்காவும்

அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் அந்தப் பெண்மணியை, வார்டு ஆயாவிலிருந்து தலைமை மருத்துவர் வரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, வீட்டில் புருஷனிடம் பேசும்போதும் நடுநடுவே மூச்சுவிட இடம் கொடுத்தே பேசுவாள். பயந்த சுபாவம். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் இங்கே இவளுக்குத் தோள் தூக்கிப் போடும். துப்பாக்கி என்ற சாமானைக் கையால் தொட்டது கிடையாது.

ஆனால் எந்தப் படத்திலும் எந்த மூலையில் எவன் துப்பாக்கி வைத்திருந்தாலும், அது என்ன வகை, நிஜமா மரமா, அந்தக் கதை நடக்கும் காலத்தில் அது இருந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பீரங்கி வண்டியானால் சக்கரத்தை எண்ணிச் சொல்லுவாள்.

இது எப்படி வந்தது என்றால், புருஷனின் காலிலிருந்து வந்தது.

அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் வண்டியைக் கழுவிவிட்டு ஈரப் படியில் இறங்கினவர் வழுக்கி விழுந்தார். இடது கணுக்கால் முறிந்தது. படம் எடுத்தது அவர் பெண்டாட்டியேதான். ஆறு வாரம் கட்டு. மனுஷர் கட்டிலில் சாய்ந்தபடி பழைய போர்ப் படமாகப் போட்டுத் தள்ளினார். மூன்று மணிக்கு வேலை முடிந்து வரும் அவள், அரிசி பொறுக்கிக்கொண்டே அவர் பக்கத்தில் உட்காருவாள். படம் பார்க்க அல்ல, அவருக்குத் துணையாக.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, முறத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்னங்க, குண்டு பட்டு விழும்போது அவன் கையில இருந்தது வேற துப்பாக்கி. இப்ப அதையே இன்னொருத்தன் எடுக்கிறான், இது வேற" என்றாள்.

"எல்லாம் துப்பாக்கிதானே. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எல்லாம் கால்தானே. அப்புறம் ஏன் உங்களுக்கு இடது கால்ல கட்டுப் போட்டாங்க? வலதுல போட்டிருக்கலாமே."

அவர் படத்தைப் பின்னால் ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். விழுந்தவன் துப்பாக்கியில், தோட்டாவை உள்ளே தள்ளும் கைப்பிடி குச்சி மாதிரி நேராக நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்தவன் துப்பாக்கியில் அது கீழ்நோக்கி வளைந்திருந்தது. அரை வினாடிக் காட்சி. அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணில் அது பட்டிருக்கிறது.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுதே, அவ்வளவுதான். முழங்கையைப் பார்த்தா முழங்கைன்னு தெரியுது இல்ல?"

மங்கலான சாம்பல் நிழலில் மயிரிழை விரிசலைத் தேடியே பாதி ஆயுசைக் கழித்த கண் அது. அன்றிலிருந்து அவர் ஒரு படத்தையும் சும்மா பார்க்கவில்லை. "இது என்ன, அது என்ன" என்று கேட்டு உயிரை வாங்கினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி விட்டுவிட அவளால் முடியவில்லை. நூலகத்தில் படைக்கலன்கள் பற்றிய கனத்த புத்தகங்களை எடுத்து வந்தாள். 303 ரைஃபிளில் பழைய வகை மூக்கு சப்பை, அடுத்து வந்ததில் குழல் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். டி-55 பீரங்கி வண்டிக்குப் பக்கத்துக்கு ஐந்து சக்கரம், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. விலா எலும்பு எண்ணுகிறவளுக்குச் சக்கரம் எண்ணுவதா கஷ்டம்? உலகப் போர் பற்றிய படமொன்றில் எதிரிப் படை என்று தகர மூடி போட்டு ஓட்டிய வண்டியைப் பார்த்து, "பாவம், அந்தச் சண்டை நடந்தப்போ இந்த வண்டி பிறக்கவே இல்லை" என்றாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கட்டுப் போட்ட கால் வலித்தது.

கால் கூடியது, அவர் பேருந்துக்குப் போய்விட்டார். அவளுக்குத்தான் விட முடியவில்லை. படங்களில் வரும் ஆயுதங்களையும் ராணுவ வண்டிகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எழுதிவைக்கும் இணையத் தொகுப்பு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். நாலைந்து தேசத்துக்காரர்கள், வேலை வெட்டியெல்லாம் முடித்துவிட்டு, சம்பளமில்லாமல் செய்கிற காரியம். அதில் 'நிழல்' என்ற பெயரில் எழுதத் தொடங்கினாள். மற்றவர்கள் "இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம்" என்று பக்கம் பக்கமாக வழக்காடுவார்கள். அவள் "தெரிகிறது" என்று எழுதுவாள், அல்லது "தெரியவில்லை" என்று எழுதுவாள். இருக்கலாம் என்ற வார்த்தையே அவளிடம் கிடையாது. இரண்டு வருடத்தில் அங்கே சண்டை வந்தால் நிழலைக் கேள் என்றாகிவிட்டது. யாரோ ஓய்வுபெற்ற படை அதிகாரி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு "மேஜர் சார்" என்று எழுத ஆரம்பித்தார்கள். அவள் மறுக்கவில்லை. புருஷன்தான் காலையில் டிபன் டப்பாவை வாங்கும்போதெல்லாம் குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடித்துவிட்டுப் போவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

எழுதியவள் ஒரு பெண், பள்ளி ஆசிரியை. அவளுடைய அப்பா ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் ஆயுத அறையைப் பார்த்துக்கொண்டவர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்க முப்பத்தொரு வருடம் அங்கே இருந்ததால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். அந்த அறையில் உரிமம் பெற்ற நிஜ ரைஃபிள்கள் பன்னிரண்டு உண்டு. ஒவ்வொன்றின் மரக்கட்டையிலும் வெள்ளை வண்ணத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, கம்பி வலைக்குப் பின்னால் வரிசையாக மாட்டியிருக்கும். வருஷா வருஷம் அதிகாரி வருவார், வலைக்கு வெளியே நின்று எண்ணுவார், சாவிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இப்போது நிலையத்தை மூடுகிறார்கள். அதனால் முதல் தடவையாக ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏழாம் எண் மரம். மரத்தால் செதுக்கிக் கறுப்பு வண்ணம் அடித்த பொம்மை.

"நிஜத் துப்பாக்கியை அப்பா யாருக்கோ விற்றுவிட்டார் என்று விசாரணை நடக்கிறது, சார்" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். "வாரம் ஒரு முறை காவல் நிலையம். தெருவில் தலை காட்ட முடியவில்லை. அப்பா வாயே திறக்க மாட்டேன் என்கிறார், சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அந்தத் துப்பாக்கிகள் நாற்பத்து மூன்று படங்களில் வந்திருக்கின்றன. எப்போது மாறியது என்று உங்களால் பார்த்துச் சொல்ல முடியுமா?"

எக்ஸ்ரே அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "முடியுமா முடியாதா என்று பார்த்தால்தான் தெரியும். பழைய புகைப்படம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்" என்று பதில் போட்டாள். மேஜர் இல்லை என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்.

வந்த புகைப்படத்தில் ஏழாம் எண் தெளிவாக இருந்தது. கைப்பிடிக்குப் பின்னால், கட்டை ஒடுங்கும் இடத்தில், முன்பு எப்போதோ விரிசல் கண்டு இரண்டு பித்தளை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். இரண்டும் நேர்க்கோட்டில் இல்லை. மேலே இருப்பது ஒரு விரல்கடை முன்னால் தள்ளி, சாய்வாக இருந்தது. அவளுக்கு அது போதும். எலும்பு முறிந்தவர்களின் தொடையில் தகடு வைத்து ஸ்க்ரூ போட்ட படங்களை எத்தனை பார்த்திருக்கிறாள். ஒருவர் ஸ்க்ரூ மாதிரி இன்னொருவர் ஸ்க்ரூ இருப்பதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் சாயங்காலமானால் வேறு வேலை கிடையாது. மூன்று மணிக்கு வருவாள், முகம் கழுவுவாள், காபியைக் குடிப்பாள், உட்கார்ந்துவிடுவாள். புருஷன் இரண்டாவது சுற்று முடித்து ஆறு மணிக்கு வரும்போது நோட்டில் இன்னும் ஒரு பக்கம் நிரம்பியிருக்கும். நடுவில் ஒருநாள் வந்துவிட்டுப் போன நாத்தனார், "என்ன அண்ணி, ஊர்ல எல்லாரும் சீரியல் பார்க்கிறாங்க, நீங்க திருடன் போலீஸ் பார்க்கிறீங்க" என்று நக்கல் அடித்தாள். "கதை பார்க்கலை. கட்டை பார்க்கிறேன்" என்றாள் இவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாட்டுக்கு நடுவே ஓடும் காவலர், அரண்மனை வாசலில் நிற்கும் சிப்பாய், கொள்ளைக்காரனுக்குப் பின்னால் நிற்கும் அடியாள் என்று கூட்டத்தில் எங்கேயாவது பித்தளை இரண்டு புள்ளியாக மின்னும். அவள் நிறுத்துவாள், குறித்துக்கொள்வாள். முதல் பதினாறு படங்களில் ஏழாம் எண் நிஜம். அதை வைத்திருப்பவன் கைப்பிடியை இழுக்கிறான், வெற்றுத் தோட்டா துள்ளி விழுகிறது, தோளில் மாட்டினால் அந்தப் பக்கத் தோள் அரை அங்குலம் இறங்குகிறது. பதினெட்டாவது படத்திலிருந்து அது எப்போதும் கடைசி வரிசையில். யாரும் கைப்பிடியைத் தொடுவதில்லை. மாட்டியிருப்பவன் தோள் இறங்கவே இல்லை, துடைப்பத்தைச் சுமப்பதுபோல் சுமக்கிறான். அந்தப் பொம்மையிலும் இரண்டு பித்தளை ஸ்க்ரூ உண்டு. ஆனால் அவை ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒழுங்காக இருந்தன.

அப்படியானால் மாறியது பதினேழாவது படத்தில். அது ஒரு படகுக் காட்சி.

ஏழு சிப்பாய்கள் ஒரு நீர்த்தேக்கத்தைப் படகில் கடக்கிறார்கள். படகு கவிழ்கிறது. கதையில் கவிழ வேண்டும் என்று எழுதிய மாதிரி தெரியவில்லை. நிஜமாகவே கவிழ்ந்ததை, நன்றாக வந்திருக்கிறதே என்று இயக்குநர் படத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவள் காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள். இடமிருந்து மூன்றாவது ஆளிடம் சாய்ந்த இரண்டு புள்ளி. அவன் கழுத்தில் துப்பாக்கியின் வார். தண்ணீரில் விழுகிறான், வார் கழுத்தை இறுக்கிக் கீழே இழுக்கிறது. முகம் நீருக்கு அடியில் போகிறது. அப்போது திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. சீருடைக் கை இல்லை. மடித்துவிட்ட சட்டை, கைக்கடிகாரம். அந்தக் கை அவன் காலரைப் பிடிக்கிறது, வாரைத் தலைக்கு மேலே உருவிவிடுகிறது. ஆள் மேலே வருகிறான். துப்பாக்கி, கட்டை முதலில், குழல் கடைசியில், கீழே போகிறது. எல்லாம் சேர்த்து இரண்டு வினாடிகூட இல்லை.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிர விரலின் நுனிக் கணு மட்டும் நிமிராமல் கீழே தொங்கியது. பந்து பட்டோ கதவில் சிக்கியோ நுனி நரம்பு அறுந்து, கவனிக்காமல் விட்ட விரல். வாரத்துக்கு இரண்டு வரும் அவளிடம்.

அன்றைக்குப் புருஷன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் துள்ளினார்.

"அப்புறம் என்ன! துப்பாக்கி தண்ணியில இருக்கு. அந்த மனுஷன் விற்கலை. முடிஞ்சுது."

"முடியலைங்க. அப்ப அவர் கையில சாவி வந்து மூணு வருஷம் ஆச்சு. அடுத்த படத்திலயே பொம்மை வந்திருக்கு. ஸ்க்ரூ வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்காங்க. அந்தத் துப்பாக்கியைத் தினம் துடைச்சவருக்குத்தான் அது தெரியும். இருபத்தெட்டு வருஷமா பன்னிரண்டும் இருக்குன்னு அவர் கையெழுத்துப் போட்டிருக்காரு."

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "படகுப் படத்தை மட்டும் எழுதிக் கொடேன். அடுத்ததைப் பத்தி உன்னை யாரு கேட்டா?" என்றார்.

"முழங்கால்ல அடின்னு வந்தவருக்குப் பாதி முழங்காலைப் படம் எடுத்துக் கொடுக்க முடியுமாங்க?"

அவர் எழுந்து போய் அவளுக்கு இன்னொரு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "உங்க அப்பா விற்கலைன்னு இதுல தெரியுதும்மா. ஆனா அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்னும் தெரியுது. ரெண்டையும் சேர்த்துத்தான் என்னால கொடுக்க முடியும். வேண்டாம்னா, நான் யாருக்கும் எதுவும் கொடுக்கலை."

"எங்க அப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்று அந்தப் பெண் கத்தினாள். "உங்ககிட்ட உதவி கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." இணைப்பு அறுந்தது.

எக்ஸ்ரே அக்கா அன்று முழுக்க யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நோயாளியிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு விடச் சொல்ல மறந்தாள். பாவம், அந்த ஆள் முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து, எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகளின் பெஞ்சில் ஒரு பெண்ணும் ஒரு பெரியவரும் சீட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் உலர்ந்து போயிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். எக்ஸ்ரே அக்கா, அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைப் பார்த்தாள். மோதிர விரல், நுனிக் கணு.

"நீங்கதான் அந்தக் கை" என்றாள்.

சாவிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "படத்துல என் கை இருக்குதாம்மா? எனக்கே தெரியாது. நான் அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கவே இல்லை."

அவர் சொன்னார். படகு கவிழ்ந்தபோது அவர் கரையோரம் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார். நீந்திப் போனார். விழுந்தவன் புதுத் துணை நடிகன், நீச்சல் தெரியாது. வாரைப் பிடித்தால் துப்பாக்கி வரும், காலரைப் பிடித்தால் ஆள் வருவான். இரண்டையும் பிடிக்க முடியவில்லை. அன்று மாலை வரை ஆள் விட்டுத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தெரிந்தால் நிலையத்தின் உரிமம் போகும், எல்லார் வேலையும் போகும் என்றார் முதலாளி. "ஒரு பொம்மை செஞ்சு மாட்டுப்பா, நான் பார்த்துக்கறேன்" என்றார். இவரும் செய்தார். முதலாளி இறந்து பதினைந்து வருடம் ஆகிறது.

"இப்ப போய்த் தண்ணியில இருக்குன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க? இருபத்தெட்டு தடவை பொய்க் கையெழுத்துப் போட்டவன் சொல்றதை?" என்றார். பிறகு மகளைப் பார்க்காமல், "கொடுத்துடுங்க. ரெண்டையும் சேர்த்தே கொடுங்க. எனக்கும் இறக்கி வைக்கணும்" என்றார்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "அன்னிக்குப் போன்ல... மன்னிச்சுக்குங்க, அக்கா" என்றாள்.

விசாரணை அதிகாரி கெட்ட மனிதர் அல்ல, அலுத்துப்போன மனிதர். எக்ஸ்ரே அக்கா அவர் மேஜைமேல் நோட்டை வைத்ததும், "சினிமாவைப் பார்த்து கேஸ் முடிக்கச் சொல்றீங்களா மேடம்?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பதினாறு படங்களின் பட்டியலையும், பதினெட்டாவதிலிருந்து பொம்மை வந்த படங்களின் பட்டியலையும் காட்டினாள். படகுக் காட்சியை ஓட்டிக் காட்டினாள். பின்னணியில் தண்ணீருக்கு நடுவே நிற்கும் உருளைக் கோபுரம், அதன் இரும்பு ஏணி, அதற்கு நேர் பின்னால் மலையில் தெரியும் ஒரு பள்ளம். "ஏணியும் பள்ளமும் ஒரே கோட்டுல தெரியிற இடத்துல கேமரா இருந்திருக்கு. அங்கிருந்து படகு ரெண்டு படகு நீளம் தள்ளி இருக்கு. இது தெரியுது. துப்பாக்கி இன்னும் அங்கேயே இருக்கான்னு எனக்குத் தெரியாது."

அதிகாரியின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாவது தடவை ஓட்டியபோது, "அந்தக் கை யாரோடது?" என்று அவரே கேட்டார்.

அந்தக் கோடையில் நீர்த்தேக்கம் பாதிக்குக் கீழே வற்றியிருந்தது. தீயணைப்புத் துறையின் முக்குளிப்பவர்கள் இரண்டு பேர் மூன்று நாள் தேடினார்கள். முதல் நாள் ஒரு சைக்கிள். இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், முழங்கால் ஆழச் சேற்றுக்குள்ளிருந்து நீளமாக ஒரு கட்டி வந்தது. களிமண்ணும் துருவும் கூழாங்கல்லும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. உள்ளே துப்பாக்கிதானா, பழைய குழாயா என்று சொல்ல முடியவில்லை. உடைத்தால் உள்ளிருக்கும் மரமும் சேர்ந்து உதிர்ந்துவிடும் என்றார்கள்.

"படம் எடுத்துப் பார்க்கலாமா?" என்றாள் எக்ஸ்ரே அக்கா.

தலைமை மருத்துவர் அதிகாரியின் கடிதத்தைப் படித்துவிட்டு, "நோயாளிங்க எல்லாம் முடிஞ்சதும் எடுத்துக்கலாம். ஆனா நான் கூட இருப்பேன், எனக்கும் பார்க்கணும்" என்றார். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, ஈரச் சாக்கில் சுற்றிய அந்தக் கட்டியை இரண்டு காவலர்கள் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வார்டு ஆயா வழிவிட்டு ஒதுங்கி, "ஐயோ பாவம், யாரு?" என்று கேட்டாள்.

மேஜைமேல் அதைச் சரியாகக் கிடத்த, எக்ஸ்ரே அக்கா இரண்டு கையாலும் ஒரு முனையைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனம். இத்தனை வருடம் திரையில் தோள் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டவளுக்கு, அந்தக் கனம் இப்போதுதான் கைக்கு வந்தது. இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவன் தண்ணீருக்குள் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். சாக்கைச் சரிசெய்தாள். கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். பழக்கதோஷத்தில், "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டாள். தலைமை மருத்துவரும் அதிகாரியும் நிஜமாகவே பிடித்தார்கள்.

திரையில் படம் வந்தது. இரும்புப் பகுதி வெள்ளைப் பட்டையாக, சப்பை மூக்கோடு. அதற்குப் பின்னால் சேறும் மரமும் சாம்பலாக மங்கியிருந்தன. அந்தச் சாம்பலுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று இரண்டு ஸ்க்ரூ. மரை கூட எண்ணலாம். மேலே இருப்பது ஒரு விரல்கடை முன்னால்.

"என்னம்மா, அதுதானா? அதுவா இருக்கலாமா?" என்றார் அதிகாரி, பொறுக்கமாட்டாமல்.

"தெரியுது" என்றாள் எக்ஸ்ரே அக்கா.

விற்றார் என்ற குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டார்கள். பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் வழக்கு நடந்தது. சாவிக்காரர் முதல் நாளே ஒப்புக்கொண்டார். நீதிபதி படகுக் காட்சியை நீதிமன்றத்திலேயே பார்த்தார். பிறகு, செய்தது தவறுதான், தவறுக்குத் தண்டனை உண்டு, இன்று நீதிமன்றம் கலையும் வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். மகளுக்கு முதலில் புரியவில்லை. ஜெயில் கிடையாது, இதுதான் முழுத் தண்டனை என்று வக்கீல் விளக்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் வரை சாவிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மகள். இன்னொரு பக்கம், அன்று விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்த எக்ஸ்ரே அக்கா. வேறு வேறு வழக்குகள் வந்து போய்க்கொண்டிருந்தன. பகல் இடைவேளைக்குப் பிறகு, அவர் மெல்லச் சாய்ந்து, காவலாளிக்குக் கேட்காத குரலில் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க எழுதினதை எல்லாம் என் பொண்ணு படிச்சுக் காட்டினா. எங்க நிலையத்துப் படம் அத்தனையும் எழுதியிருக்கீங்க. ஒண்ணுகூடத் தப்பில்லை."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. "கண்ணுல பட்டதைத்தானே எழுதினேன்."

"ஒண்ணே ஒண்ணைத் தவிர."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"பாலைவனச் சண்டை வருமே ஒரு படம், அதுல மணல்மேட்டுக்கு மேல ஒரு கவச வண்டி ஏறி வரும். நிஜ வண்டின்னு போட்டு, வகை எல்லாம் எழுதியிருக்கீங்க." சாவிக்காரரின் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு குறும்பு வந்து உட்கார்ந்திருந்தது. "அது தண்ணி லாரிம்மா. நிலையத்துல செடிக்குத் தண்ணி விடுற லாரி. ஒட்டுப்பலகை அடிச்சு, ஆணித்தலைக்குப் பதிலா சோடா மூடியை வரிசையா ஒட்டி, சாம்பல் வண்ணம் அடிச்சது நான்தான். ஒன்பது நாள் வேலை."

"சக்கரம்?" என்றாள் அவள். குரல் அவளை அறியாமல் உயர்ந்துவிட்டது. காவலாளி திரும்பிப் பார்த்தார். "சக்கரம் சரியா இருந்துதே!"

"அது பழைய ராணுவ லாரியை ஏலத்துல எடுத்து, மேல தொட்டி வெச்சது. சக்கரம் மட்டும் நிஜம். நீங்க சக்கரத்தைத்தான் முதல்ல பார்ப்பீங்கன்னு எனக்கு அப்பவே தெரியாமப் போச்சு பாருங்க, இன்னும் நல்லா ஏமாத்தியிருப்பேன்."

நீதிமன்றம் என்பதால் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். அதன் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. தோல் வாரை எப்படிப் பழசாக்குவது, வெள்ளிக் காகிதத்தில் எப்படித் தோட்டா செய்வது என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் கைப்பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே இருந்தாள். நீதிபதி எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். தண்டனை முடிந்தது என்று மகள் அப்பாவின் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

எக்ஸ்ரே அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பாலைவனப் படத்தின் பக்கத்தைத் திறந்தாள். தான் எழுதியதை அடித்துவிட்டு, புதிதாக எழுதினாள்: "முன்பு நான் எழுதியது தவறு. இது தண்ணீர் லாரி. சக்கரங்கள் மட்டும் ராணுவ வண்டியுடையவை. மற்றதெல்லாம் ஆயுத அறைப் பொறுப்பாளர் ஒருவர் தன் கையால் ஒன்பது நாளில் செய்தது. என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை."

பின்னால் வந்து நின்று படித்த புருஷன், "இதுக்கா இவ்வளவு சந்தோஷம்? தோத்துட்டு வந்திருக்கே!" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அவள். "எவ்வளவு அழகா செஞ்சிருக்காரு, வாங்க காட்டறேன்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார, மணல்மேட்டின் உச்சியில் அந்தத் தண்ணீர் லாரி பீரங்கியை நீட்டிக்கொண்டு ஏறி வந்தது.